சென்னை எடுக்குது, திருச்சி எடுக்கலை, ஏன் சார்?



அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் சில வருடங்களுக்கு முன் நாகப்பட்டினம் வந்தபோது, தன் அப்பாவுக்கு உள்ளங்கை அளவில் ஒரு டிஜிட்டல் ரேடியோ வாங்கிவந்தார். இரண்டு நாள் கழித்து எனக்குப் போன். "சார், 250 கிலோமீட்டருக்கு மேல இருக்குற சென்னை 720 சுத்தமா எடுக்குது. பக்கத்துல 125 கிலோமீட்டர்ல இருக்குற திருச்சி 936 கரகரங்குது. ரேடியோ பழுதா, திருச்சி பழுதா?"

இரண்டும் பழுதில்லை. அன்றைக்கு அவருக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டேன். இப்போது நீங்கள் நாலைந்து பேர், தூரத்து நிலையம் எடுக்க எந்தச் சின்ன ரேடியோ வாங்கலாம் என்று கேட்டிருப்பதால் முழுக்கதையையும் எழுதுகிறேன். நீளம்தான். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நம் பக்கத்து மத்திய அலை நிலையங்களின் எண்களை எழுதிப் பாருங்கள். சென்னை 720, திருச்சி 936, கோவை 999, சென்னை இரண்டாவது அலைவரிசை 1017, தூத்துக்குடி 1053, திருநெல்வேலி 1197, புதுச்சேரி 1215, மதுரை 1269. ஒவ்வொன்றிலும் இலக்கங்களைக் கூட்டுங்கள். 9 வரும், அல்லது 18, அல்லது 27. அதாவது எல்லாமே 9-ஆம் வாய்ப்பாட்டு எண்கள். ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வகுபடும் விதிதான்.

இது தற்செயல் அல்ல. மத்திய அலையில் இரவில் ஒரு நிலையத்தின் மேல் இன்னொன்று ஏறிக்கொள்ளும் குழப்பம் முற்றிப்போய், 1975-இல் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மாநாடு கூடியது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா நாடுகள் எல்லாம் சேர்ந்து, நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், 9-இன் மடங்குகளில்தான் நிற்க வேண்டும் என்று முடிவுசெய்தன. 1978 நவம்பர் 23 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் அதுவரை வைத்திருந்த 10 கிலோஹெர்ட்ஸ் கணக்கை விட்டன. அமெரிக்கக் கண்டத்து நாடுகள் அந்த ஏற்பாட்டில் இல்லை. 1981-இல் ரியோ டி ஜெனிரோவில் கூடியபோதும் அவர்கள் பழைய 10-ஐயே வைத்துக்கொண்டார்கள்.

இனி நம் மாணவரின் ரேடியோவுக்கு வருவோம். அது அமெரிக்கக் கணக்கில் 10 பத்தாகத் தாவும். 720 என்பது 9-க்கும் 10-க்கும் பொதுவான மடங்கு, ஆகவே சென்னை சரியாக வந்து உட்கார்ந்தது. 936-க்கு வழியே இல்லை. 930-இல் நின்றால் 6 விலகல், 940-இல் நின்றால் 4 விலகல். கரகரக்காமல் என்ன செய்யும்? இப்படிப்பட்ட பல செட்டுகளில் 9, 10 என்று மாற்ற ஒரு வசதி ஒளிந்திருக்கும். சிலவற்றில் பின்பக்கம் சின்ன சுவிட்ச், சிலவற்றில் அணைத்த நிலையில் ஒரு பொத்தானை நீளமாக அழுத்த வேண்டும். அவருடையதில் அது இருந்தது. மாற்றியதும் திருச்சி வந்துவிட்டது. தாத்தா காலத்துச் செட்டில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் முள் எங்கே வேண்டுமானாலும் நிற்கும்.

இது சுலபமான பாதி. எந்தச் சின்ன ரேடியோ தூரத்தைப் பிடிக்கும் என்பது இன்னொரு பாதி. அதற்கு ரேடியோவைத் திறந்து பார்க்க வேண்டும்.

உள்ளே சுண்ணாம்புக்கட்டியைப் போல நீளமாக, கருப்பாக, செம்புக் கம்பி சுற்றிய ஒரு குச்சி கிடக்கும். அதுதான் ஃபெரைட் குச்சி. மத்திய அலைக்கு ஏரியல் அதுதான். வெளியே இழுத்து நீட்டுகிற வெள்ளிக் கம்பி சிற்றலைக்கும் பண்பலைக்கும் உரியது. அதை எவ்வளவு நீட்டினாலும் திருச்சிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் இந்தக் குச்சி இல்லை. அதனால்தான் கூரைக்கு மேல் இரண்டு மூங்கில் நட்டு செம்பு வலைப்பட்டை கட்டுவார்கள், தரைக்கு ஒரு எர்த் கம்பி இறக்குவார்கள். ரேடியோ இருக்கிற வீட்டைத் தெருவில் போகும்போதே அடையாளம் சொல்லிவிடலாம்.

ஃபெரைட்டைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர்கள். 1930-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் யோகோரோ கட்டோவும் தகேஷி தகேயும் செய்தது. அதைத் தொழிலாக்கவே 1935-இல் டி.டி.கே. என்ற கம்பெனி தொடங்கியது. நாம் பிற்காலத்தில் கேசட்டில் பார்த்த அதே டி.டி.கே.தான். பிறகு ஹாலந்தில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் ஸ்னூக் அதைச் செம்மைப்படுத்தினார். காந்தப்புலத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆனால் மின்சாரத்தை ஓடவிடாது. இரும்புக்கு அந்தக் குணம் கிடையாது. ஒரு பெரிய சட்டத்தில் கம்பி சுற்றிச் செய்ய வேண்டிய வேலையை அரையடிக் குச்சி செய்துவிடும்.

1954 அக்டோபரில் அமெரிக்காவில் ரீஜென்சி டி.ஆர்-1 வந்தது. கடைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ. நாலே டிரான்சிஸ்டர், விலை 49 டாலர் 95 சென்ட். சட்டைப்பைக்குள் போகிற அளவு. சோனி அடுத்த வருடமே களத்தில் இறங்கியது. அதன்பின் விளம்பரப் போட்டி. ஆறு டிரான்சிஸ்டர், எட்டு டிரான்சிஸ்டர், பத்து டிரான்சிஸ்டர் என்று பெட்டியின் மேல் எண்ணைப் பெரிதாகப் போட்டார்கள். இந்த எண் பைத்தியம் எங்கே போய் முடிந்தது தெரியுமா? 1960-களில் சில மலிவுச் செட்டுகளில் எந்த வேலையும் செய்யாத டிரான்சிஸ்டர்களைச் சும்மா பற்றவைத்து எண்ணிக்கையைக் கூட்டினார்கள். குச்சி மட்டும் வருடத்துக்கு வருடம் குட்டையாகிக்கொண்டே போனது. பை சின்னதாக வேண்டுமே!

தூரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குச்சியின் நீளமும் அதில் சுற்றிய கம்பியின் தரமும்தான். உள்ளே வராத அலையை எத்தனை டிரான்சிஸ்டர் போட்டுப் பெருக்கினாலும் இரைச்சல்தான் பெருகும். அதிகச் சத்தம் போடுகிற ரேடியோ நல்ல ரேடியோ என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு அதில் எப்போதும் உடன்பாடு இல்லை.

நம் நாட்டில் டிரான்சிஸ்டர் வந்த காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு, தபால் ஆபீசில் புத்தகத்தைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். இன்னொன்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். 1967-இல் மத்திய சுகாதார அமைச்சராக இருந்த எஸ். சந்திரசேகர், குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொள்ளும் ஆண்களுக்கு ஆளுக்கொரு டிரான்சிஸ்டர் கொடுக்கலாம் என்றார். அந்தச் சின்னப் பெட்டிக்கு அன்று அவ்வளவு மதிப்பு. பிறகு ரொம்ப நாள், கையில் புது டிரான்சிஸ்டரோடு யார் தெருவில் போனாலும் கேலிதான்.

இந்தப் பெட்டியில் நம்மவர்கள் தேடியது முக்கியமாக இலங்கையை. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார். கொழும்பிலோ 1950-இலேயே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் மவுண்ட்பேட்டனின் படைக்காக அங்கே நிறுவிய 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பியும் அவர்கள் கைக்கு வந்திருந்தது. டெல்லி விரட்டிய பாட்டெல்லாம் கொழும்பில் போய் உட்கார்ந்துகொண்டது. மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர் குரல் மாதிரி ஆயிற்று. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது என்று அடுத்த தலைமுறையும் நம்மைக் கட்டிப்போட்டது.

உள்நாட்டில் இருந்தவர்களுக்கு இலங்கை என்றால் சிற்றலை. நாகையில் எங்களுக்குப் பகலிலேயே மத்திய அலையில் வரும். காரணம் கடல். மத்திய அலை தரையை ஒட்டி ஓடும்போது காய்ந்த மண்ணும் பாறையும் அதை உறிஞ்சிவிடும். உப்புத்தண்ணீர் நல்ல மின்கடத்தி, அதன்மேல் அலை அதிகம் தேயாமல் போகும். புத்தளத்திலிருந்து நாகைக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். இரவில் கதையே வேறு. பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் 'டி' அடுக்கு என்று ஒன்று வெயிலால் உண்டாகி அலையைத் தின்றுவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அது கலைந்துபோகிறது. அலை இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறது. 1988-இல் நாகபுரியிலிருந்து 1000 கிலோவாட் சக்தியில் 1566-இல் தேசிய அலைவரிசை தொடங்கியது. ராத்திரி எட்டு மணிக்குமேல் எவ்வளவு மோசமான ரேடியோவிலும் அது வரும். நம் பிள்ளைகள் பலர் தேர்வுக்குப் படிக்கும்போது அதைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டார்கள்.

இப்போது குச்சியின் இன்னொரு குணம். அலை குச்சியின் பக்கவாட்டில் வந்து தாக்கினால் நன்றாக எடுக்கும். குச்சியின் முனை நிலையத்தை நேராகப் பார்த்தால் சத்தம் செத்துவிடும். நாகையின் இருப்பு இதற்கென்றே அளந்துவைத்த மாதிரி. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். திருச்சி நேர் மேற்கு. புத்தளமும் கொழும்பும் நேர் தெற்கு. சென்னை வடக்கு. ரேடியோவை அதன் நீளம் கிழக்கு மேற்காக இருக்கும்படி வைத்தால் திருச்சி அமுங்கிவிடும், சென்னையும் கொழும்பும் மேலே வரும். வடக்கு தெற்காகத் திருப்பினால் திருச்சி உரக்கக் கேட்கும். ரேடியோவைத் திண்ணையில் இப்படி அப்படித் திருப்பி வைத்து, "இந்தா, இப்பத்தான் நல்லா இருக்கு, யாரும் தொடாதீங்க" என்று அதட்டிய பெரியவர்கள் எல்லோரும் இந்த இயற்பியலைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

1980-களின் தொடக்கத்தில் ஒன்பதாம் வகுப்பில் இதைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தபோது, கடலோரக் குப்பத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், எங்கப்பா மூடாக்கு போட்டு கரை தெரியாதப்ப இப்படித்தான் சார் பாப்பாரு. திருச்சிய வச்சி, சத்தம் சாவுற வரைக்கும் ரேடியோவத் திருப்புவாரு. பொட்டி எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கிதோ அந்தப் பக்கம் கரை." நான் குறுக்கே மடக்கினேன். "பெட்டிக்கு ரெண்டு முனை இருக்கேப்பா, மேற்கேயும் காட்டும், கிழக்கேயும் காட்டுமே?" அவன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "கிழக்க திருச்சி ஏது சார்?"

வகுப்பே சிரித்தது. நானும்தான். அவன் சொன்னது அப்பழுக்கில்லாத திசைகாட்டி. கப்பல்களில் சட்டக் கம்பி ஏரியலை வைத்துச் செய்த வேலையை அவன் அப்பா ஒரு பழைய இரண்டு பேண்ட் செட்டை வைத்துச் செய்திருக்கிறார். பகலில்தான் நம்பலாம். இரவில் அலை மேலேயிருந்து இறங்குவதால் சத்தம் சாகும் இடம் தெளிவாக இருக்காது. அதையும் அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. "ராத்திரில திருச்சி பொய் சொல்லும்" என்பாராம்.

அந்தப் பெட்டியின் முதல் உபயோகம் திசை பார்ப்பது அல்ல, வானிலை அறிக்கை. 1977 நவம்பர் 12-ஆம் தேதி நாகையைப் புயல் அடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கம்பமெல்லாம் சாய்ந்து மின்சாரம் போனபின், செல் போட்ட ரேடியோ இருந்த வீட்டு வாசலில்தான் தெருவே நின்றது. பண்பலை கண்ணுக்கு எட்டும் தூரத்தைத் தாண்டிக் கொஞ்சம்தான் போகும், ஆழ்கடலுக்கு வராது. மத்திய அலை கடலில் இன்னும் சுகமாகப் போகும். 2017-இல் ஒக்கி புயலின்போது, ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேரவில்லை என்பதுதான் குமரிக் கடற்கரையின் குமுறல். இப்போது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிகள் படகுகளுக்கு வந்திருக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் அதற்காக மத்திய அலைப் பரப்பிகளை ஒவ்வொன்றாக அணைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாகபுரியின் தேசிய அலைவரிசை 2018 கடைசியில் போய்விட்டது. அமெரிக்காவில் மின்சாரக் கார்களிலிருந்து ஏ.எம். ரேடியோவை எடுக்கத் தொடங்கியபோது, ஆபத்துக்கால அறிவிப்பு என்னாவது என்று கேட்டு 2023-இல் அவர்களின் நாடாளுமன்றத்திலேயே மசோதா கொண்டுவந்தார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் இதைவிடக் கடுமையான நாட்கள். 1990-களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. தடுக்கப்பட்ட பொருட்களில் ரேடியோவுக்குப் போடும் பேட்டரியும் ஒன்று. மின்சாரமும் இல்லை. அப்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். டைனமோ தருவது மாறுமின்சாரம், அப்படியே கொடுத்தால் ரேடியோ உறுமும். டயோடும் கண்டென்சரும் வைத்து நேராக்கிக் கொடுக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற படம்தான். அங்கே அது பரீட்சைக்குரிய படமாக இல்லை. ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் வழியாக இருந்தது.

சரி, வாங்கும் கதைக்கு வருகிறேன். இரண்டு சின்ன ரேடியோவை ஒப்பிட ராத்திரி உட்காராதீர்கள். இரவில் நிலையம் தானாகவே ஏறி இறங்கும், ஒன்றை அணைத்து இன்னொன்றைப் போடுவதற்குள் வானம் மாறிவிடும். நடுப்பகல்தான் சரியான நேரம். லேசாக, மங்கலாக வருகிற ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். இங்கே எனக்கு பெங்களூரு 612. பக்கத்து நிலையத்தை வைத்துச் சோதிப்பது வீண். ரேடியோவுக்குள் சத்தத்தைத் தானே சமப்படுத்தும் ஏற்பாடு இருப்பதால், வலுவான நிலையத்தில் எல்லா ரேடியோவும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரே மேஜை, ஒரே இடம், ஒவ்வொன்றையும் திருப்பி அதன் நல்ல திசையில் வைத்து, பேச்சு எவ்வளவு உரக்க என்று பார்க்காமல், பேச்சுக்குப் பின்னால் 'உஸ்' எவ்வளவு என்று கேளுங்கள். சிலிக்கான் லேப்ஸ் சில்லு போட்ட டெக்சன் போன்ற செட்டுகள் அலையின் வலுவை எண்ணாகவே காட்டும். அந்த எண்ணை இன்னொரு மாடலின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஒரே ரேடியோவைத் திருப்பிப் பார்க்க மட்டும் அது உதவும்.

சின்னது என்றால் மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்கச் சிறைகளில் கைதிகளுக்கு விற்ற சோனி எஸ்.ஆர்.எஃப்-39 எஃப்.பி. என்று ஒரு செட் உண்டு. உள்ளே எதையும் ஒளிக்க முடியாதபடி கண்ணாடி மாதிரித் தெரியும் உடல், ஒரே ஒரு பென்சில் செல். தூரத்து நிலையம் தேடுகிறவர்கள் அதைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

வீட்டில் பழைய செட் கிடந்தால் புதிதாக வாங்குவதற்குமுன் அதை ஒருமுறை டியூன் பண்ணிப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கருப்பு என்று சின்னச் சின்ன உலோகப் பெட்டிகளில் திருகு இருக்கும். சிவப்பு ஆசிலேட்டர் காயில், மற்ற மூன்றும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு உரியவை. அந்த மூன்றையும் தொடாதீர்கள், தொட்டால் கருவி இல்லாமல் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கஷ்டம். சிவப்பையும் விட்டுவிடுங்கள். குச்சியின் மேல் உள்ள கம்பிச் சுற்றைப் பாருங்கள், மெழுகு வைத்து ஒட்டியிருப்பார்கள். மெழுகை இளக்கிவிட்டு, 600 பக்கம் ஒரு மங்கலான நிலையத்தை வைத்து, சுற்றைக் குச்சியின்மேல் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டராக நகர்த்துங்கள். ஓரிடத்தில் குரல் பளிச்சென்று எழும். பிறகு 1269 மதுரைக்குப் போய், கண்டென்சரின் முதுகில் இருக்கும் குட்டித் திருகுகளில் ஏரியலுக்கு உரியதைத் திருப்புங்கள். எது என்று எப்படித் தெரியும்? திருப்பும்போது நிலையமே இடம் மாறினால் அது ஆசிலேட்டருடையது, பழையபடி வைத்துவிடுங்கள். இடம் மாறாமல் சத்தம் மட்டும் கூடிக்குறைந்தால் அதுதான். இரும்புத் திருப்புளி வேண்டாம், அது பக்கத்தில் வந்தாலே அளவு மாறும். மூங்கில் குச்சியைச் சீவிக்கொள்ளுங்கள். மறுபடி 600, மறுபடி 1269, இரண்டு மூன்று முறை. பிறகு மெழுகுவத்தியில் ஒரு சொட்டு.

அதற்கும் மேலே வேண்டுமென்றால் ஓரடிக்கு ஓரடி அட்டைப்பெட்டியில் பிளாஸ்டிக் உறைபோட்ட கம்பியை 20 சுற்று, ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரப்பிச் சுற்றுங்கள். இரண்டு முனைகளையும் பழைய ரேடியோவிலிருந்து எடுத்த ஒரு மாறும் கண்டென்சரில் சேருங்கள். 365 பைக்கோஃபாரட் இருந்தால் ஏறக்குறைய 535 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ரேடியோவோடு எந்த ஒயரும் இணைக்க வேண்டாம். குச்சி பெட்டியின் சுற்றுகளுக்குள் ஊடுருவும் திசையில் இருக்கும்படி ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக் கண்டென்சரைத் திருப்பினால், ஓரிடத்தில் மங்கல் நிலையம் எழுந்து உட்காரும். காந்தப்புலம் வழியாகவே ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து 'கொர்ர்ர்' மட்டும் வருகிறதென்றால் ரேடியோவைக் குறை சொல்லாதீர்கள். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், இவைதான் இப்போதைய வில்லன்கள். மொட்டைமாடிக்குப் போங்கள். முடியாவிட்டால் குச்சியின் முனையை அந்த இன்வெர்ட்டருக்கு நேராகக் காட்டுங்கள், சத்தம் அமுங்கும். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்குமேல் 1071-ஐப் போட்டுப் பாருங்கள், அது ராஜ்கோட்டின் பெரிய பரப்பிக்கு உரிய எண். இன்னும் வருகிறதா, குச்சி எந்தத் திசையில் இருந்தபோது வந்தது என்று கீழே எழுதுங்கள். ஊரையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள், நான் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.